'ஃபோர் வெடிங்ஸ் அண்ட் எ ஃபியூனரல்' மறுபடி பார்த்தால், அது யாருடைய காதல் கதை?

மழைக்காகிதம்:
1994-ல் வந்த பிரிட்டிஷ் காதல் நகைச்சுவை 'ஃபோர் வெடிங்ஸ் அண்ட் எ ஃபியூனரல்' படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். கல்லூரிக் காலத்தில் எனக்கு அது ஹியூ கிராண்ட் படம், அவ்வளவுதான். நெற்றியில் விழும் முடி, திக்கித் திணறும் பேச்சு, எந்தக் கல்யாணத்துக்கும் நேரத்துக்குப் போகாத ஆள். இந்த முறை அவர் நடித்த சார்ல்ஸும், அவன் காதலிக்கும் கேரியும் சேர்வார்களா மாட்டார்களா என்பதில் எனக்கு அக்கறையே வரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் திரையில் இல்லாத நேரத்தில்தான் படம் நன்றாக இருக்கிறது.

என் கட்சி இதுதான்: இந்தப் படத்தில் உண்மையான தம்பதி என்று ஒரே ஒரு ஜோடிதான். சார்ல்ஸின் நண்பர்களான இரண்டு ஆண்கள், கேரத், மேத்யூ. அவர்களுக்குத் தேவாலயம் கிடையாது, கேக் கிடையாது, மாப்பிள்ளைத் தோழன் வாழ்த்துரை கிடையாது. ஒருவர் செத்த பிறகு மற்றவர் எழுந்து நின்று பேசும்போதுதான் அது ஒரு மணவாழ்க்கை என்று நமக்கும் உறைக்கிறது, கூடவே சுற்றிய நண்பர்களுக்கும் உறைக்கிறது. அதற்கு முன் மூன்று கல்யாணங்களில் அந்த இரண்டு பேரையும் நாம் பக்கத்துப் பக்கத்தில் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம்.

மறுபடி பார்த்தவர்கள் சொல்லுங்கள். முதல் முறை பார்க்கப் போகிறவர்கள் இந்த இழையை விட்டு ஓடிவிடுங்கள், எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறோம்.

பழையபடம்_பாலா:
நல்ல இழை. நான் இதை முதலில் பார்த்தது வீடியோ கேசட்டில். ஆரம்பக் காட்சியில் சார்ல்ஸும் அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் தோழி ஸ்கார்லெட்டும் தூங்கி எழுந்து, நேரமாகிவிட்டது என்று தெரிந்ததும் ஒரே கெட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஓடுவார்களே, வீட்டில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக அந்தக் காட்சியை வேறு வசவோடு இன்னொரு முறை படம்பிடித்து வைத்திருந்தார்கள்.

ஆனால் அந்தக் காட்சியில் எழுத்தாளர் ரிச்சர்ட் கர்ட்டிஸின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இரண்டு நிமிடம் வசனமே கிடையாது, வசவு மட்டும். அதற்குள் இவர்கள் யார், ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருக்கம், வாழ்க்கை எந்த லட்சணத்தில் ஓடுகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும்.

கேரத், மேத்யூ பற்றிச் சொன்னது சரி. ஆனால் கேரியை இப்படி ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். அங்கே பிரச்சினை பாத்திரம் இல்லை, கேரியாக வரும் ஆண்டி மெக்டவலின் நடிப்பு. கடைசியில் கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு, இன்னும் மழை பெய்கிறதா, நான் கவனிக்கவில்லையே என்று ஒரு வசனம் சொல்வார். முப்பது வருடமாக உலகம் சிரிக்கிறது.

நூல்கண்டு:
பாலா சார், நடிப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்த வசனத்தை யார் சொன்னாலும் அப்படித்தான் இருக்கும்.

திரைக்கதையின் சட்டகத்தைப் பாருங்கள். நான்கு கல்யாணம், ஒரு சாவு. இடையில் ஒரு சில சின்னக் காட்சிகள், அதில் பெரியது கேரி கல்யாண உடுப்பு தேடும் அந்த ஒரு மதியம். மற்றபடி இவர்களுடைய சாதாரண நாள் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. சார்ல்ஸ் என்ன வேலை பார்க்கிறான் என்று கடைசிவரை சொல்வதே இல்லை. தோழி ஃபியோனாவுக்கு என்ன வேலை, மேத்யூவுக்கு என்ன வேலை, எதுவும் தெரியாது. அவளுடைய சகோதரன் டாம் மட்டும், இங்கிலாந்தின் முதல் பணக்காரன் நான் இல்லை, ஏழாவதாக இருக்கலாம் என்று வெகுளியாகச் சொல்வான்.

ஒரு கல்யாண விருந்தாளிக்கு இன்னொரு விருந்தாளியைப் பற்றி எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் நமக்கும் தெரிகிறது. கர்ட்டிஸ் பதினொரு வருடத்தில் அறுபத்தைந்து கல்யாணங்களுக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறார், அதிலிருந்து பிறந்த கதை இது. ஒவ்வொரு கல்யாணத்திலும் அதே முகங்கள், கூடவே ஒரு புது முகம். கேரி அந்தப் புது முகம். நண்பர்களுக்கு அவர்களுடைய கூட்டம் இருக்கிறது, ஒருவர் பேச்சில் இன்னொருவர் தெரிந்துவிடுவார். கேரி தனியாக வருகிறாள், தனியாகப் போகிறாள். அவளைப் பற்றிச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

மழைக்காகிதம்:
> அவளைப் பற்றிச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இது நன்றாக இருக்கிறது. ஆனால் சட்டகத்தின் மேல் பழியைப் போட்டால் ஃபியோனா எப்படி நின்றாள்? அவளுக்குக் கிடைத்த நேரம் கேரியைவிடக் குறைவு. கேரிக்கும் ஹேமிஷுக்கும் நடக்கும் மூன்றாவது கல்யாணத்தில், ஸ்காட்லாந்தில், உனக்குப் பிடித்தவர் யார் என்று சார்ல்ஸ் சாதாரணமாகக் கேட்கிறான். நீதான், எப்போதும் நீதான் என்று அவள் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, பரவாயில்லை, நட்பும் மோசமில்லை என்று அவனைத் தேற்றுகிறாள். மொத்தம் ஒரு நிமிடம்தான். அதற்குள் ஒரு முழு வாழ்க்கை தெரிந்துவிடுகிறது. ஃபியோனாவாக வரும் கிறிஸ்டின் ஸ்காட் தாமஸுக்கு அந்த வருடத் துணை நடிகைக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருது சும்மா கிடைக்கவில்லை.

கேரிக்கு வேண்டியது என்ன? ஹேமிஷைக் கல்யாணம் செய்துகொள்ள என்ன காரணம்? பிரிந்தாளே, அதற்கு என்ன காரணம்? படம் எதற்கும் பதில் சொல்லவில்லை. செயல்களை மட்டும் கொடுத்தார்கள், ஆசையைக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

சுள்ளென்று:
கேரிக்கு ஒரு வார்த்தை நான் பேசுகிறேன். காபிக் கடையில் உட்கார்ந்து, தான் இதுவரை யாரோடெல்லாம் படுத்தேன் என்று வரிசையாக எண்ணிச் சொல்வாளே, முப்பத்து மூன்று பேர். ஒருவரைப் பற்றி ஏக்கம், ஒருவரைப் பற்றிச் சிரிப்பு, வெட்கம் என்பதே இல்லை. 1994-ல் ஒரு பொதுஜனப் படத்தின் கதாநாயகி இப்படிப் பேசுகிறாள், படம் அவளைத் தண்டிக்கவில்லை, திருத்தவும் இல்லை. எதிரே உட்கார்ந்து திருதிருவென்று முழிப்பது ஆண்தான். சார்ல்ஸோடு முதலில் படுத்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் பெட்டியோடு கிளம்பிப் போவதும் அவள்தான். ஆண்கள் காலம் காலமாகச் செய்வதை அவள் செய்தாள், அதனால்தான் எல்லோருக்கும் அவள் மேல் எரிச்சல்.

என் உண்மையான கோபம் வேறு. ஹென்ரியெட்டா. அவளைப் பற்றி இந்த இழையில் இன்னும் யாரும் வாயைத் திறக்கவில்லையே!

தேம்ஸ்கரை:
வணக்கம். நான் கிழக்கு லண்டன் பக்கம் இருக்கிறேன். அந்தச் செத்தவீட்டுக் காட்சி எடுத்த தேவாலயம் எங்களுக்குக் கிட்டத்தான். எஸ்ஸெக்ஸில் வெஸ்ட் துர்ரொக், புனித கிளெமென்ட் தேவாலயம். சின்னக் கல் கட்டடம், மிகப் பழையது. அதற்கு ஒட்டினாற்போலப் பின்னால் பெரிய சவர்க்காரத் தொழிற்சாலை. படத்தில் நீங்கள் பார்க்கிற புகைபோக்கி எல்லாம் அதுதான், தந்திரக்காட்சி ஒன்றுமில்லை.

மழைக்காகிதம் சொன்னதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். மற்ற நான்கு இடங்களும் எப்படி? சர்ரேயில் பச்சைப் புல்வெளிக் கிராமம், கிரீனிச் கடற்படைக் கல்லூரியின் தங்க வேலைப்பாடு, கதைப்படி ஸ்காட்லாந்தில் இருக்கும் கோட்டை, கடைசியில் லண்டன் ஸ்மித்ஃபீல்டில் புனித பார்த்தலோமியோ பெரிய தேவாலயம். எல்லாம் பணக்கார ஆக்களின் இடம். கேரத் பூவேலை செய்த மார்ச்சட்டை போட்டு, உரத்துச் சிரித்து, கோட்டையில் ஆடியவர். அவருடைய சாவு மட்டும் சாம்பல் வானத்துக்குக் கீழே, தேம்ஸ் ஓரத் தொழிற்சாலைப் பகுதியில். அவர் எங்கே இருந்து வந்தவர் என்று அப்போதுதான் விளங்கும். ஒருவரும் வாயால் சொல்லவில்லை, படம் இடத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறது. இங்கிலாந்தில் வர்க்கம் என்றால் என்ன என்று இங்கே வந்து பல வருடம் இருந்தபிறகுதான் எனக்கு அந்தக் காட்சி முழுதாக விளங்கியது.

மழைக்காகிதம்:
தேம்ஸ்கரை அண்ணா, இதற்கு நன்றி. தொழிற்சாலையைப் பார்த்தேன், துக்கக் காட்சிக்கு ஏற்ற சோகப் பின்னணி என்று தாண்டிப் போய்விட்டேன். இது என் வாதத்துக்கு இன்னும் பலம்தான். அந்த மனிதர் ஊரை விட்டு வந்து, தன்னைத் தானே புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார். புது வாழ்க்கையில் அவருக்கு இருந்த குடும்பம் அந்த நண்பர்களும் மேத்யூவும்தான். ஆனால் பாதிரியார் மேத்யூவை அழைக்கும்போது கேரத்தின் நெருங்கிய நண்பர் என்றுதான் அறிமுகம் செய்கிறார். வேறு எப்படி அறிமுகம் செய்வார்? அந்த நாட்டில் அன்றைக்கு அதற்கு மேல் சட்டமும் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

நூல்கண்டு:
சட்டம் என்று வந்ததால் ஒரு சின்ன வரிசை. பள்ளிகளும் உள்ளாட்சி மன்றங்களும் ஒருபாலுறவை 'ஊக்குவிக்கக் கூடாது' என்ற 28-ஆம் பிரிவு 1988-ல் வந்தது. இங்கிலாந்தில் 2003 வரை அமலில் இருந்தது. படம் வந்த 1994-ல்தான் ஆண்களுக்கிடையிலான உறவுக்கான சம்மத வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தார்கள். மற்றவர்களுக்கு அது 16. ஒருபால் ஜோடிகள் தங்கள் உறவைப் பதிவு செய்ய வழிவிட்ட சிவில் பார்ட்னர்ஷிப் சட்டம் 2004, பதிவுகள் தொடங்கியது 2005 டிசம்பர். முழுத் திருமணம் 2014 மார்ச்சில். அதாவது கேரத் உயிரோடு இருந்திருந்தால் இன்னும் இருபது வருடம் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அந்தக் காலப் படங்களில் ஒருபாலுறவுப் பாத்திரம் செத்தால் காரணம் எய்ட்ஸ்தான். கேரத் ஸ்காட்லாந்து நடனத்தில் மூச்சு முட்ட ஆடி, வயிறு முட்டச் சாப்பிட்டு, கேரியின் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில் சாய்கிறார். ஒரு குண்டு மனிதருக்கு வரக்கூடிய சாதாரணச் சாவு. அதைத் தேர்ந்ததே ஒரு நிலைப்பாடு என்று நினைக்கிறேன்.

பழையபடம்_பாலா:
அந்தக் கவிதையை மறந்துவிட்டோம். மேத்யூவாக வரும் ஜான் ஹன்னா, ஸ்காட்லாந்து உச்சரிப்பில், குரலை உயர்த்தாமல் கவிஞர் டபிள்யூ. ஹெச். ஆடனின் 'ஃபியூனரல் ப்ளூஸ்' சொல்வார். ஆடனும் நம்ம ஆள்தான் என்று கேரத்தோடு சேர்த்துக் குறும்பாகச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் கவிதை வந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால் அந்தக் கவிதை அழுவதற்காக எழுதியதே இல்லை. 1936-ல் ஆடனும் கிறிஸ்டோபர் இஷர்வுட்டும் எழுதிய ஒரு நாடகத்தில், செத்துப்போன அரசியல்வாதியைக் கிண்டல் செய்யும் ஒப்பாரியாகத்தான் அது முதலில் வந்தது. பிறகு ஆடன் பாதியை மாற்றி எழுத, பெஞ்சமின் பிரிட்டன் இசையமைக்க, ஹெட்லி ஆண்டர்சன் என்ற பாடகிக்கான பாட்டாயிற்று. ஊர் முழுக்க, வானம் முழுக்க அடங்கச் சொல்லும் அந்த மிகை எல்லாம் கேலிக்காகப் போட்டது. மேத்யூ அதைக் கேலியில்லாமல் சொன்னதும் உண்மையான துக்கம் ஆகிவிட்டது. படம் வந்தபிறகு ஃபேபர் பதிப்பகம் ஆடனின் பத்துக் கவிதைகளைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, லட்சக்கணக்கில் விற்றது. செத்து இருபது வருடம் ஆன கவிஞருக்கு!

சுள்ளென்று:
எல்லாம் சரி, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஹென்ரியெட்டா.

அவள் சார்ல்ஸின் பழைய காதலி. பிரிந்த துக்கம் ஆறாதவள், கல்யாணங்களில் அழுகிறவள். அதற்காக நம் அருமையான நண்பர் கூட்டம் அவளுக்கு வைத்த பெயர் 'வாத்துமூஞ்சி'. பெயரை வைத்தது நண்பர்கள், அதைக் கேட்டுச் சிரிப்பது நாம். பிறகு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதற்காகச் சார்ல்ஸ் அவளையே கட்டிக்கொள்ளக் கிளம்புகிறான். கல்யாண நாளில், தேவாலயத்தின் பின் அறையில் ஒளிந்துகொண்டு யோசிக்கிறான். கடைசியில் பலிபீடத்தின் முன்னால், ஊரார் முன்னிலையில், தான் வேறொருத்தியைக் காதலிப்பதாகச் சொல்கிறான். அவள் விட்டாளே ஒரு குத்து, படத்திலேயே எனக்குப் பிடித்த காட்சி அதுதான்.

அதற்கப்புறம் படம் அவளை அப்படியே விட்டுவிட்டுச் சார்ல்ஸின் காயம்பட்ட கண்ணுக்குப் போய்விடுகிறது. அவள் எப்படி வீட்டுக்குப் போனாள்? யார் கூட இருந்தார்கள்? கடைசிப் புகைப்படத் தொகுப்பில் ஒரு ராணுவக்காரரோடு அவளுக்குக் கல்யாணம் ஆன படம் ஒன்றைக் காட்டிக் கணக்கைத் தீர்த்துவிடுகிறார்கள்.

மழைக்காகிதம் சொல்லும் அந்த அற்புதமான நண்பர் கூட்டம் இதுதான். வெளியாளிடம் எவ்வளவு கொடூரமாக இருக்கிறது பாருங்கள்.

நூல்கண்டு:
படத்துக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். இரண்டாவது கல்யாணத்தில் சார்ல்ஸை அவனுடைய பழைய காதலிகள் எல்லோரும் இருக்கும் மேசையில் உட்கார வைக்கிறார்கள். அவன் ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் சொன்ன வேடிக்கைக் கதைகள் எல்லாம் அங்கே வெளியே வருகின்றன. அவனுடைய சாமர்த்தியப் பேச்சு எவ்வளவு பேரைக் காயப்படுத்தியிருக்கிறது என்று படம் உட்கார வைத்துக் காட்டுகிறது.

ஹென்ரியெட்டாவும் அவனிடம் நேராகவே சொல்கிறாள்: யாரையும் உன் கிட்டே வரவிடுவதில்லை, எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் இவளைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் முதலில் யோசிப்பாய் என்கிற மாதிரி. படத்தில் சார்ல்ஸைச் சரியாகப் புரிந்துகொண்ட ஆள் அவள்தான்.

சுள்ளென்று:
புரிந்துகொண்டவளுக்கு வாத்துமூஞ்சி, மழையைக் கவனிக்காதவளுக்குக் கதாநாயகன். சபாஷ்.

கைமொழி:
இழையை ரொம்ப நாளாக வெளியே இருந்து படிப்பவள். இதற்காகத்தான் உள்ளே வந்தேன். டேவிட்டைப் பற்றி யாருமே பேசவில்லை.

நான் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. சார்ல்ஸின் சகோதரனாக வரும் டேவிட் பௌவர் நிஜத்திலேயே காது கேளாத நடிகர். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். காது கேட்கும் நடிகரை வைத்து, கையை ஏதோ ஆட்டச் சொல்லி எடுத்த படங்கள்தான் அதிகம். அதைவிட முக்கியம், அவன் பரிதாபத்துக்கு உரியவனாக வரவில்லை. அண்ணன் தம்பி இருவரும் பிரிட்டிஷ் சைகை மொழியில் பேசிக்கொள்வதில் நக்கல், கெட்ட பேச்சு, சண்டை எல்லாம் இருக்கும். பக்கத்தில் இருக்கும் மரியாதைப்பட்டவர்களுக்கு எதுவும் புரியாது, திரையில் எழுத்தைப் படிக்கும் நமக்குப் புரியும். அந்தக் கூட்டத்தில் அந்த நேரத்துக்குக் குறையுள்ளவர்கள் காது கேட்கிறவர்கள்தான்.

செரீனா என்ற பெண் அவனோடு பேசுவதற்காகச் சைகை கற்றுக்கொண்டு வருவாள். அவள் கை செய்யும் தப்பைத் திரையில் எழுத்துப்பிழையாகக் காட்டுவார்கள். என் மாணவர்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஏனென்றால் புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் செய்வதும் அப்படித்தான்.

கடைசிக் கல்யாணத்தை நிறுத்துவது யார்? ஆட்சேபம் உண்டா என்று பாதிரியார் கேட்டதும் தட்டிச் சத்தம் எழுப்புவது டேவிட். அவன் சைகையில் கேட்பதைச் சார்ல்ஸ் தன் வாயால் ஊருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. படம் முழுக்கப் பேச்சிலேயே நழுவிக்கொண்டிருந்தவன், தன் குற்றப்பத்திரிகையைத் தானே வாசிக்கிறான். இதைவிட நல்ல திரைக்கதை உத்தி என்ன வேண்டும்?

மழைக்காகிதம்:
கைமொழி அக்கா, இதை எழுதியதற்காகவே இந்த இழை தொடங்கியது நல்லதாயிற்று. மாணவர்களுக்கு எந்தக் காட்சிகளைக் காட்டினீர்கள்? அந்த ஆரம்ப வசவு?

கைமொழி:
அதைத் தாண்டித்தான். சத்தம் கேட்காது என்றாலும் உதடு படிப்பார்களே!

தேம்ஸ்கரை:
ஹாஹா. இங்கே பிரிட்டிஷ் சைகை மொழிக்குச் சட்ட அங்கீகாரம் 2022-ல்தான் கிடைத்தது. படம் வந்து 28 வருடம் கழித்து.

கல்யாணச் சட்டம் பற்றியும் ஒன்று சொல்லலாம். எல்லாக் கல்யாணமும் தேவாலயத்தில் ஏன் என்று என் மகள் கேட்டாள். இப்போது இங்கே ஆக்கள் ஹோட்டலில், பண்ணைவீட்டில், கோட்டையில் எல்லாம் பதிவுத் திருமணம் செய்கிறார்கள். அப்போது அப்படி இல்லை. இங்கிலாந்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்று வழிபாட்டு இடம், இல்லையென்றால் பதிவு அலுவலகம். 1994-ல் சட்டத்தை மாற்றி, 1995 ஏப்ரலில் இருந்துதான் அனுமதி பெற்ற மற்ற இடங்களைத் திறந்துவிட்டார்கள். கடவுளை நம்பாத சார்ல்ஸ் கூட்டம் வாரக்கடைசி ஒவ்வொன்றும் தேவாலய மரவாங்கில் போய் உட்கார்ந்திருந்ததற்குப் பாதிக் காரணம் அது. இரண்டு வருடம் பிந்தி எடுத்திருந்தால் படத்தின் முகமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

பழையபடம்_பாலா:
அந்தத் தொப்பிகளும் கோட்டுகளும் எப்படி வந்தன தெரியுமா? பணம் இல்லை. மொத்தச் செலவு முப்பது லட்சம் பவுண்டுக்குள், படப்பிடிப்பு ஆறு வாரம். அதனால் கூட்டத்தில் நிற்க வருபவர்கள் மேட்டுக்குடிக் கல்யாணங்களில் போடும் காலைநேரக் கோட்டைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அதாவது உண்மையான மேட்டுக்குடி ஆட்களைப் பிடிக்க வேண்டும். அதைச் செய்து கொடுத்தவர் ஆம்பர் ரட். பெயர்ப்பட்டியலில் 'பிரபுக்குல ஒருங்கிணைப்பாளர்' என்றே போட்டிருப்பார்கள். பிற்காலத்தில் 2016-ல் பிரிட்டனின் உள்துறை அமைச்சர் ஆனவர் அதே அம்மணிதான்.

அந்தக் காசுக்கு எடுத்த படம் உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான போட்டியில் 'ஃபாரஸ்ட் கம்ப்', 'பல்ப் ஃபிக்ஷன்', 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்', 'குவிஸ் ஷோ' நான்கோடும் ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தது.

தலைப்பிலேயே அமெரிக்க விநியோகஸ்தர்களுக்குப் பயம். சாவு என்று போட்டால் யார் வருவார்கள் என்று வேறு பெயர்ப் பட்டியலெல்லாம் கொடுத்தார்கள். நல்லவேளை.

சுள்ளென்று:
படத்தின் அந்தப் பாட்டை மட்டும் மன்னிக்க மாட்டேன். வெட் வெட் வெட் குழு பாடிய 'லவ் இஸ் ஆல் அரவுண்ட்'. பிரிட்டனில் 15 வாரம் தொடர்ந்து முதலிடம். கடைசியில் பாடியவர்களுக்கே அலுத்துப்போய்ச் சந்தையிலிருந்து தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

பழையபடம்_பாலா:
மூலப்பாட்டு 1967-ல் ட்ராக்ஸ் குழு பாடியது. எழுதிய ரெஜ் பிரெஸ்லி, இந்தப் படத்தால் வந்த உரிமைத்தொகையை வயல்வெளியில் தோன்றும் மர்ம வட்டங்களை ஆராயச் செலவு செய்தார். ஒரு காதல் படத்துப் பணம் போய்ச் சேர்ந்த இடம்!

நூல்கண்டு:
இழையின் கேள்விக்கு வருகிறேன். மழைக்காகிதம் சொல்வதில் ஒரு இடம் இடிக்கிறது. கேரத், மேத்யூதான் மையம் என்றால் படம் அவர்களை முன்னால் வைத்திருக்கலாமே. ஒரு முத்தம்கூட இல்லை. சார்ல்ஸும் கேரியும் எத்தனை முறை கட்டிலில் காட்டப்படுகிறார்கள்! இரண்டாவது கல்யாணத்தின் மணமக்கள் பெர்னார்டும் லிடியாவும் கல்யாண உடுப்போடு அறைக்குள் அடிக்கும் கூத்தைச் சார்ல்ஸ் மறைவில் மாட்டிக்கொண்டு கேட்கிறான். இவர்கள் இருவருக்கும் ஒரு பார்வை, ஒரு தோள் தட்டல், அவ்வளவுதான். ஒளித்து வைத்ததைக் கலை என்று நாம் பாராட்டுகிறோம், தயாரிப்பாளர்களுக்கு அது வெறும் பயமாகக்கூட இருந்திருக்கலாம்.

மழைக்காகிதம்:
இருக்கலாம். பயமும் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். சாவுக்குப் பிறகு சார்ல்ஸ் டாமிடம் பேசிக்கொண்டே நடப்பான். நாம் எல்லோரும் தனிக்கட்டை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம், நம்மில் இரண்டு பேர் இவ்வளவு நாளும் கல்யாணமான மாதிரியே வாழ்ந்ததை நாம் கவனிக்கவே இல்லை என்கிற அர்த்தத்தில். படம் அவர்களை ஓரத்தில் வைத்ததால் பார்வையாளனும் அதே தப்பைச் செய்கிறான். முதல் முறை பார்த்தபோது எனக்கு அவர்கள் 'வேடிக்கையான இரண்டு பேர்'. மறுபடி பார்க்கும்போது முதல் கல்யாணத்திலிருந்தே கண் அவர்களிடம் போகிறது. கேரத் எங்கே திரும்பினாலும் மேத்யூ தெரிகிறார், அவர் தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கிறார். ஸ்காட்லாந்தில் கேரத் எல்லோரையும், போய்த் துணையைத் தேடுங்கள் என்று விரட்டுகிறார். அந்த மேசையில் தேட வேண்டாதவர்கள் இரண்டே பேர்தான்.

அதைப் பார்த்த பிறகு சார்ல்ஸின் முடிவும் எனக்குக் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்தது. மழையில் அவன் கேரியிடம் கேட்பது, என்னைக் கல்யாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை கூட இருப்பாயா என்று. கேரத்தும் மேத்யூவும் வேறு வழியில்லாமல் வாழ்ந்த வாழ்க்கையை அவன் விரும்பிக் கேட்கிறான். அவனுக்கு அது சலுகை, அவர்களுக்கு அது தடை. படம் இதை யோசித்து வைத்ததா என்றால் பாதி யோசித்திருக்கும்.

சுள்ளென்று:
சார்ல்ஸுக்கு இவ்வளவு பெரிய தத்துவமெல்லாம் அதிகம். பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். ஆனால் மேத்யூவின் தட்டுப் பார்வைக்காக நான் இன்னொரு முறை பார்க்கிறேன்.

தேம்ஸ்கரை:
2019-ல் ஒரு தொடர்ச்சி வந்தது தெரியுமா? 'ரெட் நோஸ் டே' நன்கொடை நிகழ்ச்சிக்காக எடுத்த சின்னப் படம். அதே இயக்குநர் மைக் நியூவல், அதே கர்ட்டிஸ். சார்ல்ஸ், கேரியின் மகளுக்கும் ஃபியோனாவின் மகளுக்கும் கல்யாணம். பெண்ணுக்கும் பெண்ணுக்கும். லில்லி ஜேம்ஸ், அலிசியா விகாண்டர். நடத்தி வைப்பது பழையபடி ரோவன் அட்கின்ஸனின் ஃபாதர் ஜெரால்ட், இப்போதும் அதே உளறல்.

ஸ்கார்லெட்டை மட்டும் அதில் பார்க்க முடியாது. அவளாக நடித்த ஷார்லட் கோல்மன் 2001-ல் ஆஸ்துமாவால் இறந்துவிட்டார், வயது 33.

நூல்கண்டு:
அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறதே. இங்கிலாந்துத் திருச்சபைக்கு அப்படிக் கல்யாணம் நடத்திவைக்க இன்றுவரை சட்டத்தில் இடமில்லை. ஆசீர்வாத ஜெபம் வரைதான் வந்திருக்கிறார்கள். படத்தில் பாதிரியார் சாவகாசமாக நடத்துகிறார்.

தேம்ஸ்கரை:
உண்மைதான். நகைச்சுவை நன்கொடை நிகழ்ச்சி என்று விட்டுவிட்டார்கள் போல. நாடாளுமன்றம் கொடுத்ததைத் திருச்சபை கொடுக்காமல் இருக்கிறது, கர்ட்டிஸ் தன் பேனாவால் கொடுத்துவிட்டார்.

சுள்ளென்று:
அதில் ஹென்ரியெட்டா வருகிறாளா? அதை மட்டும் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரை:
வருகிறார், தங்கச்சி. அன்று நடித்த அன்னா சான்சலரேதான். குத்து ஒன்றும் விடவில்லை.

சுள்ளென்று:
அப்படியென்றால் எதற்குக் கூப்பிட்டார்களாம்?